பின்பக்கத்துக்குக் கனம்

எங்கள் காரின் பின்பக்கம் உட்கார்ந்துபோயிருந்தது. தூரத்தில் வரும்போதே அது தெரியும். முன்முகம் சற்று வானத்தை நோக்க, பின்புறம் தரையைத் தடவுவதுபோலத் தாழ்ந்து, யாரும் ஏறாதபோதும் ஒரு குடும்பமே ஏறியதைப் போன்ற களைப்புடன் அது மலைச்சாலையில் ஊர்ந்து வரும். உடும்பஞ்சோலையில் அந்நாளில் வாடகைக்கு ஓடிய கார்கள் சிலவே; அவற்றுள் வயதில் மூத்தது எங்களுடையது. ஏலத்தோட்டத்தை விற்றுவிட்டுக் கடல் கடந்து போன துரை ஒருவரிடமிருந்து, வேறு யாரும் வாங்க முன்வராத காரணத்தால், அப்பாவுக்குக் கிடைத்தது அது. துரைக்கு அதை ஓட்டிக்கொண்டிருந்தவரே அப்பாதான். அதன் குறைகள் அனைத்தையும் அறிந்தே வாங்கியதால் பின்னர் யாரிடமும் குறைப்பட்டுக்கொள்ளும் உரிமை அவருக்கு இல்லாமல் போயிற்று.

பின்சக்கரங்களின் அச்சோடு பிணைந்திருந்தவை பட்டை வில்கள். நீண்ட எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் போல்ட் போட்டு இறுக்கிய அமைப்பு. புதிதாக இருக்கையில் அவை வளைந்திருக்கும். சக்கரம் குழியில் விழும்போது நிமிர்ந்து, அதிர்ச்சியைத் தாம் வாங்கிக்கொண்டு, மறுபடி வளையும். எங்கள் காரில் அவை நிமிர்ந்தது நிமிர்ந்ததுதான். சில பட்டைகள் முறிந்தும் இருந்தன. அவற்றை அப்பா கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தார். ஒவ்வொரு குழியிலும் காரின் அடிவயிறு அச்சின்மேல் மோதி, மரப்பெட்டியைக் கீழே போட்டாற்போல ஓர் ஓசை எழும். வாடகைக்கு ஏறுவோர் அதற்குப் பழகியிருந்தனர். நாங்களும் பழகியிருந்தோம். அம்மாவின் முதுகுக்கு நோய் வரும்வரை அந்த ஓசை எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசைக் குடியிருப்பில், ஒரு கேலிப்பொருளாக மட்டுமே இருந்தது.

ஏலச்செடியின் தூரில் நாள்முழுதும் குனிந்து காய் எடுக்கும் பெண்களுக்கு முதுகுவலி புதிதல்ல. எண்ணெய் தேய்த்தார்கள், வெந்நீர் ஊற்றினார்கள். ஒரு நாள் அம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை. தோட்டத்து டாக்டர் வந்து பார்த்து, காசநோய் முதுகெலும்பில் இறங்கியிருக்கிறது என்றார். கீழே சமவெளியில் இருந்த மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் வைத்தியம் என்றும், போகும் வழியில் ஒரு பெரிய குலுக்கல் போதும், கால்கள் இரண்டும் விழுந்துவிடும் என்றும் சொன்னார். பஸ்ஸையும் தோட்டத்து லாரியையும் அவர் பெயர் சொல்லி விலக்கினார். மிச்சமிருந்தது எங்கள் கார்தான். அப்பா அவரை வழியனுப்பிவிட்டு, காரின் பின்னால் குந்தி அமர்ந்து, செத்துப்போன அந்த வில்லையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதிய வில் வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை. கார் சம்பாதித்ததெல்லாம் எண்ணெய்க்கும் ஊசிக்கும் போயிருந்தது. அப்பா ஆள்மூலம் சொல்லி அனுப்பியதும், போடியில் லாரிப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்துவந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஒரு சாக்குக் கட்டைத் தோளில் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார். சாக்கைப் பிரித்தபோது உள்ளே கறுத்த பட்டைகள் இருந்தன. அவை எந்த வண்டியுடையவை என்று அப்பா கேட்டார்.

"உடைச்சுப் போட்ட சரக்கு வேனோடது அத்தான். பயப்படாதீக, லாரிக்குப் பொறந்தது இல்ல. அகலம் ஒண்ணுதான்."

லயத்தின் முன்னிருந்த மண்வெளியில் காரை ஜாக்கியால் தூக்கிக் கற்களின்மேல் நிறுத்தினார்கள். துருப்பிடித்த நட்டுகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருந்தார்கள். அப்பா பட்டைகளின் ஓரங்களை அரத்தால் தேய்த்து, இடையிடையே கிரீஸ் பூசி அடுக்கினார். ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த அம்மாவுக்கு இவையெல்லாம் தெரிந்தன. தம்பியைப் பேசாமல் விட அவளால் ஆகாது.

"ஏலே, நீ சைக்கிளுக்குக் காத்தடிச்சாலே டியூப் வெடிக்கும். என்னைய எதுலல ஏத்தப் போற?"

"ஒன்னைய ஏத்தி எறக்குற வரைக்கும் வெடிக்காதுக்கா," என்றார் மாமா, காரின் அடியிலிருந்தபடியே.

வேலை முடிந்து காரை இறக்கியபோது அதன் பின்பக்கம் நிமிர்ந்து நின்றது. எங்கள் கார் அவ்வளவு கௌரவமாக நின்று நான் பார்த்ததில்லை. ஆனால் அப்பா அந்தத் தோற்றத்தை நம்பவில்லை. அம்மா படுக்கவேண்டிய பின்னிருக்கையில் இலவம்பஞ்சுத் தலையணைகளை அடுக்கி, என்னை அழைத்து அதன்மேல் படுக்கச் சொன்னார். அம்மா எப்படிப் படுப்பாளோ அப்படியே படுக்க வேண்டும். எங்கே இடிக்கிறதோ அங்கே சொல்ல வேண்டும். தமக்குப் பிடிக்கும் என்பதற்காக நன்றாக இருக்கிறது என்று சொல்லக் கூடாது. இவை கட்டளைகள். நான் கைகளை மார்பின்மேல் கட்டிக்கொண்டு, கண்களை மூடி, அம்மாவானேன்.

ஓடையின் குறுக்கே ஒரு கலுங்கு, சிறு பாலம், இருந்தது. அதன் முதுகு சாலையைவிட உயர்ந்திருக்கும். அதன்மேல் ஏறி இறங்கியபோது நான் இருக்கையைவிட்டு எழும்பி, முன்னிருக்கைக்கும் பின்னிருக்கைக்கும் இடையில் விழுந்தேன். எனக்கு அது பெருமகிழ்ச்சியாக இருந்தது. எல்லா இடத்திலும் இடிக்கிறது என்று உண்மையைச் சொன்னேன். அப்பா காரை நிறுத்தினார். ஸ்டீயரிங்கின்மேல் இரண்டு கைகளையும் வைத்தபடி இருந்தார். பக்கத்திலிருந்த மாமா இறங்கிப்போய்ப் பின்பக்கத்தைக் கையால் அழுத்திப் பார்த்தார்.

பிற்காலத்தில் பாலக்காட்டில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பித்து வாழ்ந்தவன் நான். ஒரு வில் எவ்வளவு சுமைக்காகச் செய்யப்பட்டதோ அவ்வளவு சுமை கிடைத்தால்தான் அது இளகும் என்பதைக் கரும்பலகையில் பலமுறை எழுதியிருக்கிறேன். சரக்கு வேனுக்குச் செய்த வில்லுக்கு எங்கள் கார் ஒரு சுமையே அல்ல. மாமா அதை வேறுவிதமாகச் சொன்னார்.

"வில்லு மேல தப்பில்ல அத்தான். அது மூட்டை சொமந்து பழகுனது. பின்பக்கத்துக்குக் கனம் கேக்குது."

ஓடைக்கற்களைச் சாக்குகளில் நிரப்பி டிக்கியில் ஏற்றினார்கள். நான் மறுபடி அம்மாவானேன். இம்முறை கலுங்கு வந்ததும் போனதும் எனக்குத் தெரியவில்லை. யாரோ என்னை உள்ளங்கையில் ஏந்தி, தாழ்த்தி, உயர்த்தியதுபோல இருந்தது. எழுந்து பார்த்தால் கலுங்கு பின்னால் கிடந்தது. அப்பா திரும்பி என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை என்றேன். அன்று அவர் சிரித்ததை நான் மறக்கவில்லை. அவ்வளவாகச் சிரிப்பவர் அல்லர்.

எனினும் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மலை இறங்க முடியாது. ஏலக்காய் அனுமதிச் சீட்டில்லாமல் கீழே போகக் கூடாது, அரிசி மேலே வரக் கூடாது என்றிருந்த காலம். போடிமெட்டுச் சாவடியில் ஒவ்வொரு மூட்டையையும் இறக்கி, அவிழ்த்து, கம்பியால் குத்திப் பார்ப்பது காவலர்களின் கடமை. கல்லை யாராவது காரில் கொண்டுபோவார்களா என்ற கேள்விக்கு விடை சொல்லி முடிக்கும்வரை அம்மா வெயிலில் கிடக்க வேண்டும். வேண்டுமானால் அவளையும் நகர்த்தி இருக்கையின் அடியில் பார்ப்பார்கள். அப்பாவும் மாமாவும் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, லயத்துப் பிள்ளைகள் நாங்கள் காரைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தோம். மாமா பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். அவிழ்த்துப் பார்க்கத் தேவையில்லாத கனம் ஒன்று கண்ணெதிரே ஓடுவது அவருக்குத் தெரிந்துவிட்டது.

புறப்படும் நாள் காலையில் அவர் எங்களை வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொருவரையும் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். பருமனுக்காக எப்போதும் ஏளனத்துக்குள்ளாகும் என் பெரியம்மா மகனை, தம்மால் தூக்கவே முடியவில்லை என்பதுபோல நடித்து, "ராசா, ஒனக்குச் சோறு போட்டது இன்னைக்குத்தான்ல பலிக்குது" என்று முதலில் ஏற்றினார். அவன் அதற்குமுன் அவ்வளவு மதிக்கப்பட்டதில்லை. ஒல்லியான பையன் ஒருவன் கால்சட்டைப் பைகளில் கற்களை நிரப்பிக்கொண்டு வந்து நின்றான். அவை ஒன்றோடொன்று உரசிக் காட்டிக்கொடுத்தன. நானும் ஒல்லிதான். விடியற்காலையில் வயிறு வலிக்குமளவு கப்பைக்கிழங்கு தின்றிருந்தேன். மாமா என்னைத் தூக்கிப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார், பிறகு, "இவன் கெடக்கான், அக்கா மகனாப் போயிட்டான்" என்று டிக்கியில் போட்டார்.

எங்கள் சபை உபதேசியார் வந்து காரின்மேல் கைவைத்து ஜெபம் செய்தார். அம்மாவைப் பலகையோடு தூக்கிப் பின்னிருக்கையில் வைத்தார்கள். பெரியம்மா அவள் காலடியில் தரையில் அமர்ந்தாள். டிக்கியின் மூடியைத் தூக்கிக் கயிற்றால் கட்டி, எங்களைச் சாக்கின்மேல் நெருக்கி உட்காரவைத்தார்கள். அவ்வாறாக, கடந்துபோன சாலையை மட்டும் பார்த்துக்கொண்டு, நான் முதன்முறையாக மலை இறங்கினேன்.

சாவடியில் காவலர் பின்னால் வந்து எங்களைப் பார்த்தார். பெரியம்மா மகன் அவருக்கு சல்யூட் வைத்தான். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கம்பத்தை உயர்த்தச் சொன்னார்.

அம்மாவுக்கும் எனக்கும் இடையில் இருக்கையின் முதுகுப் பலகை இருந்தது. அவ்வப்போது அதற்கு அப்பாலிருந்து அவள் குரல் வரும்.

"அய்யா, இருக்கியா?"

"இருக்கேம்மா."

நான் விழுந்துவிடுவேனோ என்று பயப்படுகிறாள் என எண்ணிக்கொண்டேன். அந்தக் கேள்வி, அவளுக்கு வலித்த கொண்டை ஊசி வளைவுகளில் மட்டுமே வந்தது என்பதை அப்போது கவனிக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அவளை இறக்கியபோது அப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பாதங்களைப் பார்த்தார். அவள் கால்விரல்களை அசைத்துக் காட்டினாள். மாமா சற்றுத் தள்ளிப்போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். உள்ளே கொண்டுபோகுமுன் அம்மா என்னை அருகில் அழைத்துக் கன்னத்தைத் தொட்டாள்.

"நல்ல கனமாத்தான்யா இருந்த," என்றாள்.

எங்களையும் பெரியம்மாவையும் அன்று மாலை மாமா பஸ்ஸில் ஊர் கொண்டுவந்து சேர்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அப்பாவும் காரும் கீழேயே தங்கிவிட்டார்கள். மழைக்காலம் வந்து போயிற்று. செய்திகள் லாரிக்காரர்கள் வாய்வழியே மேலே வந்தன. ஏறும் வழியில் கெட்டவை உதிர்ந்துவிடும் போலும். வந்து சேர்ந்தவை எல்லாம் நல்ல செய்திகளாகவே இருந்தன.

ஒரு பிற்பகல், கலுங்குக்கு மேலிருந்த திருப்பத்தில் நாங்கள் விளையாடிக்கொண்டிருந்தபோது எங்கள் காரின் ஒலி கேட்டது. அது மிக மெதுவாக ஏறி வந்தது. நான் கலுங்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்பக்கம் தாழ்ந்திருந்தது. சக்கரங்கள் கலுங்கின்மேல் ஏறின, கார் துள்ளவில்லை. தாழ்ந்து, உயர்ந்து, நீரில் மிதப்பதைப்போலக் கடந்தது.

கூட நின்ற பிள்ளைகள் ஒரு கார் வருவதை மட்டுமே கண்டார்கள். அதில் படுத்துப் பார்த்தவன் நான் ஒருவனே. டிக்கியில் கனம் ஏற்றியிருக்கிறார்கள். கனம் ஏற்றுவது, உள்ளே படுத்திருப்பவருக்கு வலிக்கக் கூடாது என்பதற்காக. ஆகவே அம்மா உள்ளே படுத்திருக்கிறாள், திரும்பி வருகிறாள். இதில் பிழையான படி எதுவும் இல்லை என்பதை இன்றும் சொல்வேன். அதோடு, வாடகைக் காரில் பிணம் ஏற்றுவதில்லை என்பது அப்பாவின் வழக்கம். பிணம் ஏறிய காரில் பிறகு மணப்பெண் ஏறமாட்டாள், பிள்ளைத்தாய்ச்சி ஏறமாட்டாள் என்று, நெருங்கிய உறவினரையே அவர் கைகூப்பி மறுத்திருக்கிறார்.

நான் ஏலச்செடிகளின் ஊடே குறுக்குப் பாதையில் ஓடினேன். அம்மா வருகிறாள், டிக்கியில் கனம் வைத்திருக்கிறார்கள் என்று லயம் முழுக்கச் சொன்னேன். வேறு ஊராக இருந்திருந்தால் அதற்குப் பொருளே இருந்திராது. எங்கள் லயத்தில் அந்தக் கனம் எதற்கென்று அறியாதவர் எவருமில்லை. அவரவர் பிள்ளைகளே கனமாகப் போய்வந்தவர்கள். பெரியம்மா கையை நெஞ்சில் வைத்து ஒரு கணம் நின்றாள். பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. கட்டிலில் வெளுத்த விரிப்பு ஒன்று வந்தது. மூன்று வீட்டுத் தண்ணீரைச் சேர்த்துப் பெரிய அண்டாவில் அடுப்பேற்றினார்கள். ஸ்தோத்திர ஜெபம் செய்ய உபதேசியாரை அழைத்துவர ஆள் போனது. அவர் சட்டையைப் போட்டபடியே வந்தார். வேலையிலிருந்தவர்கள் கூடையோடு வந்து, சிரித்த முகத்துடன் சாலையின் இருபுறமும் நின்றார்கள்.

திருப்பத்தைக் கடந்த அப்பா அந்த முகங்களைப் பார்த்தார். அவர் எதிர்பார்த்திருக்கக்கூடியவை அவை அல்ல. வாசலுக்குச் சற்று முன்பே காரை நிறுத்திவிட்டார். மாமா இறங்கினார். பெரியம்மாவைப் பார்த்தார், கைகள் இரண்டையும் விரித்தார்.

அடுப்பில் கொதித்த தண்ணீர் வீணாகவில்லை. அதை விளாவி அம்மாவைக் குளிப்பாட்டினார்கள். வெளுத்த விரிப்பும் இருந்த இடத்திலேயே பயன்பட்டது. யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் நான் என் வாதத்தை எடுத்துச் சொல்லியிருப்பேன். கேட்பார் இல்லாததால் அது என்னிடமே தங்கிவிட்டது.

டிக்கியில் இருந்தது ஆற்றுமணல். அதைப் பற்றி மாமா பல ஆண்டுகளுக்குப் பின்னரே, அப்பாவும் மறைந்தபிறகு, என்னிடம் பேசினார். ஆஸ்பத்திரியில் அம்மாவைத் துணியில் சுற்றிக் கொடுத்ததும் அப்பா அவளைக் காரில் கிடத்தினாராம். பிறகு மாமாவிடம் இருக்கச் சொல்லிவிட்டு ஆற்றுக்குப் போய், தாமே மணலை வாரிச் சாக்குகளில் நிரப்பியிருக்கிறார். "எதுக்கு அத்தான்னு கேக்க வாய் வரலடா," என்றார் மாமா. சாவடியில், அரிசியாக இருக்கலாம் என்று மூட்டைகளை அவிழ்க்கச் சொன்னார்கள். காவலர் கம்பியால் குத்தினார்; மணல் சரிந்தது. மலைக்கு மணல் எதற்கு என்று மலையாளத்தில் கேட்டார். "கனத்துக்கு சாரே," என்றாராம் அப்பா. காவலர் முன்னால் நடந்துபோய்ப் பின்னிருக்கையைப் பார்த்தார். திரும்பி வந்து, அவிழ்த்த மூட்டைகளின் வாயை ஒவ்வொன்றாகத் தம் கையாலேயே கட்டிக்கொடுத்தார். நாங்கள் பிள்ளைகளாய்ப் போனபோது கம்பத்தை உயர்த்தியவரும் அவர்தானா என்பது மாமாவுக்கு நினைவில்லை.

இந்த ஆண்டு, மழை தொடங்குமுன், பாலக்காட்டு மருத்துவமனையில் துணியில் சுற்றிக் கொடுத்த என் மனைவியை வீட்டுக்குக் கொண்டுவந்த வண்டியில் நான் ஓட்டுநருக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தேன். முதல் வேகத்தடையில் மெதுவாகப் போகச் சொன்னேன். அடுத்ததிலும் சொன்னேன். "மெதுவாத்தானுங்க சார் போறேன்," என்றார் அவர். சித்தூர்ப் பக்கத்து இளைஞர். பிறகு என்னைப் பார்க்காமலே வேகத்தை இன்னும் குறைத்தார்.

அம்மாவை அடக்கம் செய்த நாளின் மாலையில், கல்லறைத் தோட்டத்திலிருந்து எல்லோரும் கலைந்தபின், அப்பா டிக்கியைத் திறந்து மணல் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். ஏன் கனம் வைத்தார் என்று கேட்டேன்.

"ரோடு மோசமாக் கெடக்குல்லய்யா," என்றார்.

அவர் என் கேள்வியைச் சரியாகக் காதில் வாங்கவில்லை என்றே நினைத்தேன். சாலை மோசமென்பது எனக்குத் தெரியாததா? அதில் படுத்துப் பார்த்தவன் நான். நான் கேட்டது வேறு. இன்னொரு முறை, விளக்கமாகக் கேட்கலாம் என்று காத்திருந்தேன். அவர் அடுத்த மூட்டையின் கழுத்தைப் பிடித்தவர், தூக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.